மேப்புல பச்சை, ரோட்டுல டிரெய்லர்: ஒரு ஸ்கூல் வேன் ஏன் லேட் ஆகுதுன்னு 20 நாள் பார்த்தது

எங்க மாடில குடியிருக்குற அண்ணன் வடசென்னைல ஸ்கூல் வேன் ஓட்டுறாரு, காலைல ரெண்டு ட்ரிப். முதல் ட்ரிப் பெரிய கிளாஸ் பிள்ளைங்க, எர்ணாவூர்ல ஏத்த ஆரம்பிச்சு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ட புடிச்சு காசிமேடு, கல்மண்டபம்னு வந்து ராயபுரத்துல ஸ்கூல்ல விடணும், 8 மணிக்கு பெல். ரெண்டாவது ட்ரிப் சின்னப் பிள்ளைங்க, எழில் நகர் பக்கம் ஏத்திக்கிட்டு கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்ட தாண்டி அதே ஸ்கூலுக்கு 9 மணிக்குள்ள வரணும். ஜூலை மாசம் தொடர்ந்து நாலஞ்சு நாள் லேட்டாயிடுச்சு. ஒரு பிள்ளையோட அப்பா மேப் ஸ்கிரீன்ஷாட் எடுத்து பேரன்ட்ஸ் குரூப்ல போட்டுட்டாரு, எர்ணாவூர்ல இருந்து ஸ்கூலுக்கு 26 நிமிஷம்தான் காட்டுது, பாதி ரோடு பச்சையா இருக்கு, இவரு 50 நிமிஷம் எடுக்குறாரு, நடுவுல எங்க நிறுத்துறாருன்னு கேளுங்கன்னு. ஸ்கூல்ல கூப்பிட்டு எழுதிக் குடுங்கன்னுட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி என்கிட்ட வந்தாரு, நான் டேட்டா வேலை பாக்குறவன்னு அவருக்குத் தெரியும். "இன்னா தம்பி, 18 வருஷமா இந்த ரோட்டுல ஓட்டுறேன், போன் சொல்றதுதான் நெசம், நான் சொல்றது பொய்யா?"ன்னு கேட்டாரு. எனக்கு அப்போ பதில் சொல்லத் தெரியல, ஏன்னா நானும் ஆபீஸுக்கு கிளம்பும்போது அதே மேப்ப பாத்துட்டுதான் கிளம்புறேன், அது பெரும்பாலும் சரியாவும் இருக்கு. அப்ப இவருக்கு மட்டும் ஏன் இவ்ளோ தப்பா வருது? அதப் பாத்துடலாம்னு உக்காந்தோம். என்ன செஞ்சோம், என்ன தெரிஞ்சுதுன்னு முழுசா எழுதுறேன். ஷேர் ஆட்டோ, வாட்டர் கேன் வண்டி, மீன் வண்டின்னு இந்த மேப் நேரத்த வெச்சு திட்டு வாங்குற எத்தனையோ பேருக்கு இது உதவும்.

ரெண்டு பக்கமும் டேட்டா எடுத்தோம். ஒரு பழைய போன வேன் டாஷ்போர்டுல வெச்சு ஜிபிஎஸ் லாகர் ஆப் ஓடவிட்டோம், செகண்டுக்கு ஒருதடவை இடமும் நேரமும் பதிவாகும். இன்னொரு பக்கம் ஒரு மேப் சேவையோட டிராஃபிக் ஏபிஐல (ஒரு சின்ன புரோகிராம், அதாவது ஸ்கிரிப்ட், எழுதி டேட்டாவ நேரடியா கேட்டு வாங்குற வழி) இருந்து அதே ரூட்ல இருக்குற ஒவ்வொரு ரோட்டுத் துண்டுக்கும் (செக்மென்ட்னு சொல்லுவாங்க) காலைல 6:30ல இருந்து 9:30 வரைக்கும் 5 நிமிஷத்துக்கு ஒருதடவை வேகத்த எடுத்துட்டே இருந்தேன். 20 ஸ்கூல் நாள், ஜூலை கடைசில ஆரம்பிச்சு ஆகஸ்ட் மூணாவது வாரம் வரைக்கும்.

முதல் நாளே குழம்பிட்டேன். எக்ஸ்பிரஸ் ரோட்டுல காலைல 6:30க்கு வேகம் 8.3ன்னு வந்துருந்துச்சு, அந்த நேரத்துல அங்க காத்தாடும், எப்படி 8 கிலோமீட்டர் வேகம் வரும்? அரை மணி நேரம் ஸ்கிரிப்ட நோண்டுன பிறகுதான் டாக்குமென்டேஷன ஒழுங்கா படிச்சேன், அந்த எண் மணிக்கு கிலோமீட்டர் கணக்கே இல்ல, செகண்டுக்கு மீட்டர். 3.6ஆல பெருக்கினா 30. சில சேவைங்க கிலோமீட்டர் கணக்குல குடுக்கும், சிலது மீட்டர் கணக்குல குடுக்கும், சிலது அந்த ரோட்டோட ஸ்பீட் லிமிட்டுக்கு மேல போனா எண்ண அங்கயே வெட்டிடும், வெட்டாத எண் வேற பேர்ல தனியா இருக்கும். எடுத்த எடுப்புல அலகு என்னன்னு பாத்துடுங்க, அப்புறம்தான் மத்ததெல்லாம்.

அடுத்தது கலர். சண்டை ஆரம்பிச்சதே அந்தப் பச்சையில இருந்துதான். பச்சைன்னா வேகமா போலாம்னு நாம எடுத்துக்குறோம், ஆனா கலர் சொல்றது ஒரு விகிதத்த. அந்த ரோடு காலியா இருக்கும்போது வழக்கமா என்ன வேகம் போகுமோ, அதுக்கு ஃப்ரீ ஃப்ளோ ஸ்பீடுன்னு பேரு, அதோட ஒப்பிட்டா இப்ப எவ்ளோ குறைஞ்சிருக்குன்னுதான் கலர் காட்டுது. ஒரு கணக்கு வெச்சுப் பாருங்க, பழைய வண்ணாரப்பேட்டை உள்தெரு ஒண்ணுல நடுராத்திரி காலியா இருந்தாலும் 18 கிலோமீட்டர் வேகம்தான் போக முடியும், காலைல 15ல போகுது, அது பச்சை. எக்ஸ்பிரஸ் ரோட்டுல ராத்திரி 50 போகலாம், காலைல 24 போகுது, அது ஆரஞ்சோ சிகப்போ ஆயிடும். இப்ப பச்சை ரோட்டுல 15, சிகப்பு ரோட்டுல 24. எது வேகம்? அந்த அப்பா மேல எனக்குக் கோவமே இல்ல, இத யாரும் சொல்லித் தரல, கலர பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும்.

கலரை விட்டுட்டு எண்ணுக்கே போனேன், அங்கயும் ஒரு குழி இருந்துச்சு. ரூட்டுல இருக்குற எல்லா துண்டோட வேகத்தையும் கூட்டி, எண்ணிக்கையால வகுத்து ரூட்டோட சராசரி வேகம்னு போட்டேன், ரொம்ப நல்லா வந்துச்சு, வேனோட உண்மை வேகத்தவிட ரொம்ப அதிகம். தப்பு கணக்குலதான். 2 கிலோமீட்டர் ரோடு, முதல் கிலோமீட்டர் 40ல போறீங்க, அடுத்த கிலோமீட்டர் நெரிசல்ல 5ல போறீங்க. கூட்டி ரெண்டால வகுத்தா 22.5, அந்த வேகத்துல 2 கிலோமீட்டர் போக அஞ்சரை நிமிஷம்கூட ஆகாது. நெசத்துல முதல் கிலோமீட்டருக்கு ஒன்றரை நிமிஷம், ரெண்டாவதுக்கு 12 நிமிஷம், மொத்தம் 13.5 நிமிஷம், அப்ப உண்மையான சராசரி 9க்கும் கீழ. வேகத்த சராசரி எடுக்கவே கூடாது, ஒவ்வொரு துண்டுக்கும் நீளத்த வேகத்தால வகுத்து நேரமா மாத்தி, நேரத்தத்தான் கூட்டணும். மெதுவா போற இடம்தான் நேரத்த முழுங்குது, சராசரி வேகம் அதையே மறைச்சிடுது.

இத சரி பண்ணின பிறகு என் கணக்கும் மேப்போட 26 நிமிஷமும் கிட்டத்தட்ட ஒத்துப்போச்சு. வேனோட லாக்ல முதல் ட்ரிப் சராசரி 49 நிமிஷம். வித்தியாசம் 23 நிமிஷம், அது எங்க போச்சுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை நானும் அண்ணனும் லாக்க விரிச்சு வெச்சு உக்காந்தோம்.

முதல்ல கெடச்சது டிராஃபிக்கே இல்ல. எர்ணாவூர்ல ஆரம்பிச்சு விம்கோ நகர், தேரடி பக்கம்னு 11 இடத்துல பிள்ளைங்கள ஏத்துறாரு, எக்ஸ்பிரஸ் ரோட்ட விட்டு உள்ள போயி வெளிய வராரு, ஒவ்வொரு இடத்துலயும் கதவத் தொறந்து, பைய வாங்கி வெச்சு, பிள்ளைங்கள உக்காரவெச்சு, கதவ சாத்த சுமார் 55 செகண்ட். அப்படியே 10 நிமிஷம். மேப் சொல்ற நேரம் எங்கயும் நிக்காம போற ஒரு காருக்கு உண்டான நேரம், அது ஸ்கூல் வேனுக்கு உண்டான நேரமே கிடையாது. இத நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, நான் ஆரம்பிக்கும்போது எல்லாப் பழியும் டிரெய்லர் மேலயும் மேப் மேலயும் போடலாம்னு நெனச்சுத்தான் ஆரம்பிச்சேன், அண்ணனும் அப்படித்தான் நெனச்சாரு. பாதிக்குக் கொஞ்சம் கம்மியா பிள்ளைங்க ஏறுற நேரத்துலதான் போயிருக்கு. அது யாரோட தப்பும் இல்ல, அந்த நேரத்த யாரும் கணக்குல எழுதல, அவ்ளோதான்.

அடுத்த 4 நிமிஷம் கொஞ்சம் நுணுக்கமானது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தது 7 மணிக்கு. அந்த நேரத்துல காசிமேடு பக்கம் இருக்குற வேகத்தயும் சேர்த்து 26 நிமிஷம். ஆனா வேன் காசிமேட்டுக்கு வர்றது 7:35க்கு மேல, அந்த அரை மணி நேரத்துல அங்க நெலமையே மாறிடும், மீன் ஏத்திட்டு வெளிய வர்ற வண்டி, ஆபீஸ் போறவங்க, ஸ்கூல் போறவங்க எல்லாம் சேர்ந்துடும். நல்ல மேப் சேவைங்க இத ஓரளவு முன்கூட்டியே கணிச்சுத்தான் நேரம் சொல்லும், ஆனா அது கணிக்கிறது நிக்காம போற வண்டிக்கு, அந்தக் கணக்குல நம்ம வேன் 7:20க்கே காசிமேட்டுல இருக்கும். நான் வேன் எந்தத் துண்டுக்கு எப்ப வந்துச்சோ அந்த நிமிஷத்து வேகத்த எடுத்துப் போட்டுப் பாத்தேன், 4 நிமிஷம் கூடிடுச்சு.

மிச்சம் இருந்த 9ல 6 நிமிஷம் எக்ஸ்பிரஸ் ரோட்டுல. இங்கதான் நான் நிறைய நாள் மாட்டிக்கிட்டு இருந்தேன். துறைமுகம் ஜீரோ கேட்டுக்கு போற கன்டெய்னர் டிரெய்லருங்க மணலி பக்கத்துல இருந்து வந்து இந்த ரோட்டுல லைன் கட்டி நிக்கும், வடசென்னைல இருக்குறவங்களுக்கு இத சொல்லவே வேணாம், டிரைவருங்க ஸ்டவ் பத்தவெச்சு சமைச்சு சாப்பிட்டுட்டு தூங்கி எந்திரிக்கிற அளவுக்கு நிக்கும். அந்த லைன் நீளமா இருந்த நாள்லயும் மேப்புல அந்தத் துண்டு 28, 30 கிலோமீட்டர் வேகம்னுதான் சொல்லுச்சு. எப்படி?

நான் முதல்ல பழி போட்டது பைக் மேல. டிரெய்லருக்கும் டிரெய்லருக்கும் நடுவுல பூந்து போற பைக்காரங்க போன்தான் வேகத்த ஏத்திவிடுதுன்னு நெனச்சேன். ஆனா அத அப்படியே சொல்லிட முடியாது. 2020ல பெர்லின்ல சைமன் வெக்கர்ட்னு ஒரு கலைஞர் 99 போன ஒரு சின்ன இழுவண்டில போட்டுக்கிட்டு காலி ரோட்டுல நடந்துபோயி கூகுள் மேப்புல அந்த ரோட்டையே சிகப்பாக்கிக் காட்டினாரு, அப்போ கூகுள் குடுத்த பதில்ல இந்தியா, இந்தோனேசியா, எகிப்து மாதிரி நாடுங்கள்ல காரையும் பைக்கையும் பிரிச்சுப் பாக்குற வசதிய கொண்டுவந்துட்டோம்னு சொல்லியிருந்தாங்க. 2017 டிசம்பர்லயே இந்தியாவுக்குன்னு டூவீலர் மோடும் கொண்டுவந்தாங்க. நான் டேட்டா எடுத்த சேவை அப்படிப் பிரிக்குதா இல்லையான்னு அதோட டாக்குமென்ட்ல எங்கயும் எழுதல. அதனால பைக் காரணத்த எழுதி, அடிச்சுட்டேன்.

அப்புறம் ஒருநாள் அண்ணன் கூடவே வேன்ல போனேன். முன் சீட்டுல உக்காந்து பாத்தப்பதான் புரிஞ்சுது. நிக்கிற டிரெய்லருங்க ஏறக்குறைய அசையவே இல்ல, இஞ்சின் ஆஃப். ஒரு வண்டி அரை மணி நேரமா ஒரே இடத்துல நின்னா அத டிராஃபிக்னு எடுத்துக்குறதா, பார்க்கிங்னு எடுத்துக்குறதா? பார்க்கிங்னு தள்ளித்தான் ஆகணும், இல்லன்னா ரோட்டோரம் இருக்குற எல்லா டீக்கடை வாசலும் நாள் முழுக்க சிகப்பா இருக்கும். அப்ப லைன்ல நிக்கிற டிரெய்லருங்க கணக்குலயே வராம, மிச்சமிருக்குற வழில ஓடுற வண்டிங்கதான் வேகமா பதிவாகியிருக்கும்னு நெனக்கிறேன். சரி, லேன் வாரியா பிரிச்சா தெரியுமேன்னு கேக்கலாம். திறந்தவெளில நல்லா சிக்னல் இருக்கும்போதே போனோட ஜிபிஎஸ் கிட்டத்தட்ட 5 மீட்டர் முன்ன பின்ன காட்டும், நம்ம ஊர்ல ஒரு லேன் அகலம் 3.5 மீட்டர். எந்த லேன்ல நிக்கிறான்னு போனுக்கே தெரியாது. நிக்கிற லேனும் ஓடுற லேனும் ஒரே எண்ணுக்குள்ள போயிடுது.

அந்த ஓடுற வழியிலயும் வேன் ஓடுற மாதிரி கார் ஓடுறதில்ல. திடீர்னு ஒரு டிரெய்லர் லைன விட்டு வலதுபக்கம் வெளிய வரும், கார்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே தாண்டிடுவான், அண்ணன் நிறுத்திடுவாரு. பின்னாடி 16 பிள்ளைங்க இருக்கு. "அவன் டயரு என் வேன் உசரம் இருக்கு தம்பி, அதுகிட்ட போயி நான் வீரம் காட்ட மாட்டேன்"னாரு. அந்த 6 நிமிஷம் இதுதான். அது லேட்டும் இல்ல, டிராஃபிக்கும் இல்ல, அந்த மனுஷனோட பொறுப்பு. இத எந்த ஏபிஐயும் எண்ணா தராதுன்னு எழுதும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கனத்துச்சு, ஏன்னா ஸ்கூல்ல எழுதிக் கேட்டது இந்த நிமிஷங்களுக்கும் சேர்த்துத்தான்.

மீதி 3 நிமிஷத்துக்கு என்னால காரணம் பிரிக்க முடியல, அப்படியே விட்டுட்டேன்.

ரெண்டாவது ட்ரிப் கதை வேற. தூரம் 4 கிலோமீட்டர்கூட முழுசா இல்ல, ஆனா நடுவுல கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். கேட் தொறந்திருந்தா 16 நிமிஷத்துல வந்துடுறாரு, கேட் போட்டுட்டா 29 நிமிஷம், சிலநாள் அதுக்கும் மேல, கூட்ஸ் வண்டி வந்து அங்கயே நின்னுட்டா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. 20 நாள்ல 11 நாள் கேட்டுல மாட்டியிருக்காரு, 9 நாள் மாட்டல. சராசரி போட்டா 23 நிமிஷம் வருது. லாக்க எத்தனைதடவை பொரட்டினாலும் 23 நிமிஷத்துல அவர் வந்த நாள் ஒண்ணுகூட இல்ல! ஒண்ணு 16 பக்கம், இல்ல 29 பக்கம், நடுவுல காலி. கேட் இருக்குற ரோட்டுக்கு சராசரின்னு ஒரு எண்ணே கிடையாது. மேப் கிளம்புற நேரத்துல கேட் தொறந்திருந்தா 14 நிமிஷம்னு சொல்லும், அது பொய் இல்ல, ஆனா அவர் கேட்டுகிட்ட போறதுக்குள்ள கேட்காரரு கேட்ட எறக்கிடுவாரு, எந்த கூட்ஸ் எப்ப வரும்னு மேப்புக்குத் தெரியாது.

இந்த மாதிரி இடத்துக்கு சராசரிய தூக்கிப் போட்டுட்டு நாட்கள வரிசைப்படுத்தணும். 20 நாள் நேரத்தயும் குறைஞ்சதுல இருந்து கூடினது வரைக்கும் அடுக்கி வெச்சு, 19வது எண்ணப் பாருங்க. அந்த நேரத்த ஒதுக்கினா 20 நாள்ல ஒருநாள்தான் லேட்டாகும், ஸ்கூலுக்கு அது மாசத்துக்கு ஒருநாள். அமெரிக்க ஹைவே துறைக்காரங்க 95வது பர்சன்டைல்னு சொல்லி இதே கணக்கத்தான் பயணத் திட்டத்துக்கு வெச்சிருக்காங்க. எங்க லாக்ல அந்த எண் 33 நிமிஷம். இவ்ளோ நாள் லாக் எடுக்க முடியாதவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு, கூகுளோட ஏபிஐல கிளம்புற நேரத்தக் குடுத்துட்டு மூணு விதமா கேக்கலாம், வழக்கமா ஆகுறது, நல்லபடியா போனா ஆகுறது, மோசமா போனா ஆகுறது. பிள்ளைங்கள ஏத்திட்டு போற வண்டிக்கு மூணாவதத்தான் கேக்கணும்ங்குறது என் முடிவு.

எழில் நகர் உள்தெருவுல இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. ஒரு தெருவுக்கு தினமும் 8:20க்கு 17 கிலோமீட்டர் வேகம். திங்கக்கிழமையும் 17, வெள்ளிக்கிழமையும் 17. நடுவுல ஆகஸ்ட் 15 வந்துச்சு, வேன் ஓடல, ஆனா ஸ்கிரிப்ட நான் நிறுத்தல. அன்னிக்கும் 17. லீவு நாள்ல அந்தத் தெருவுல பசங்க கிரிக்கெட் ஆடிட்டு இருப்பாங்க, வழக்கமான நாள் மாதிரியே எப்படி வரும்? அப்பதான் கூடவே வர்ற இன்னொரு எண்ணப் பாத்தேன், கான்ஃபிடென்ஸ்னு இருக்கும், 0ல இருந்து 1 வரைக்கும். உதாரணத்துக்கு ஹியர் (HERE)ங்குற மேப் சேவையோட டாக்குமென்ட்ல தெளிவா போட்டிருக்காங்க, 0.7க்கு மேல இருந்தா நேரடியா இப்ப ஓடுற வண்டிங்க கிட்ட இருந்து வந்தது, 0.5ல இருந்து 0.7 வரைக்கும் பழைய நாட்களோட பழக்கத்த வெச்சு சொல்றது, அதுக்கும் கீழன்னா ஸ்பீட் லிமிட்ட வெச்சு சும்மா நிரப்பினது. நம்ம உள்தெருவுல அந்த நேரத்துக்கு போதுமான போன் ஓடல, அதனால பழைய பழக்கத்த எடுத்துக் குடுத்திருக்கு. ஸ்கிரீன்ல பாக்குறவங்களுக்கு ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், ஒண்ணு இப்ப நடக்குறது, இன்னொண்ணு எப்பவோ நடந்தது. லைவ்ங்குற பேர நம்பி ஒருத்தர கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி இந்த எண்ணயாச்சும் பாக்கணும்.

எல்லாத்தையும் ஒரே பக்கத்துல எழுதினேன். முதல் ட்ரிப்புக்கு 26 நிமிஷத்து மேல 10, 4, 6, 3னு ஒரு கோடு, ரெண்டாவது ட்ரிப்புக்கு 20 புள்ளி, ரெண்டு கூட்டமா பிரிஞ்சு நிக்கிற மாதிரி. அண்ணன் அத மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டு ஸ்கூலுக்குப் போனாரு, நானும் கூடப் போனேன். அங்க இருந்த மேடம் நிதானமா படிச்சாங்க, அந்த 55 செகண்ட் கணக்குல நிறுத்தி, "11 ஸ்டாப் எதுக்கு, மெயின் ரோட்டுல பேரன்ட்ஸ் கொண்டுவந்து விட்டா 7 போதுமே"ன்னாங்க. எனக்கு அது தோணவே இல்ல. இப்ப 7 ஸ்டாப், 6:55க்கே கிளம்புறாரு, ரெண்டாவது ட்ரிப்ப எழில் நகர்ல 8:20க்கு எடுக்குறாரு. ஸ்கிரீன்ஷாட் போட்ட அப்பா குரூப்ல ஒண்ணும் எழுதல, ஆனா மறுநாள் காலைல மெயின் ரோட்டுக்கு பையன கூட்டிட்டு வந்து நின்னாரு, "அண்ணே, பைய நானே உள்ள வெச்சுடுறேன்"னு சொல்லிட்டு கதவயும் அவரே சாத்தினாராம்.

இந்த 20 நாள்ல நல்ல மழை ரெண்டு நாள்தான், அது ரெண்டையும் வெச்சு நான் எதுவும் சொல்லல. அக்டோபர் கடைசில பருவமழை புடிச்சுதுன்னா கொருக்குப்பேட்டை பக்கம் தண்ணி நிக்கும், அப்ப கேட்டோட சேர்ந்து என்ன ஆகும்னு பாக்க திரும்பவும் லாக் எடுக்கணும். பழைய போனுக்கு ஒரு ஸ்டாண்ட் வாங்கியாச்சு, அண்ணன் டாஷ்போர்டுல முருகர் படத்துக்குப் பக்கத்துல அத ஒட்டி வெச்சிருக்காரு.